ஓடத்தில் மூத்தவளுக்கு இடமில்லை

மதகு நாட்டுக் கதைகளை மறுபடியும் புத்தகமாகப் போடப் போகிறீர்களாம். நம் ஞாயிறு பள்ளிப் பழைய கூட்டத்தின் வாட்ஸ்அப்பில் அறிவிப்பைப் பார்த்தேன். அதற்குக் கீழே கைகூப்பும் படம், கண்ணீர் விடும் படம். 'அது ஒரு பொற்காலம்' என்று ஒருவர். 'இந்தக் காலத்துப் பெண் பிள்ளைகளுக்கு இதுதான் தேவை' என்று இன்னொருவர். அதோடு விட்டீர்களா? விளக்குச் சின்னவள் இன்னும் உயிரோடுதானே இருக்கிறாள், முன்னுரையை அவளே எழுதட்டும் என்று என்னையும் இழுத்துவிட்டீர்கள்.

எழுதுகிறேன். ஆனால் இது முன்னுரை இல்லை. அறுபதை நெருங்கிவிட்டேன், இனிமேல் யாரிடமும் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கி என்ன செய்யப்போகிறேன்? படித்துவிட்டுக் கோபம் வந்தால் தாராளமாகக் கோபப்படுங்கள். எனக்கு நாற்பது வருஷத்துக்கும் மேலாக வயிறு எரிகிறது, உங்களுக்கு ஒருநாள் எரிந்தால் குடிமுழுகிப் போகாது.

கதை ஐயாவை உங்களுக்குத் தெரியும். உங்கள் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். ஆவடியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அண்ணனூரில் நம் சபைக்கு அவர்தான் செயலாளர். வெள்ளை அரைக்கைச் சட்டை, கக்கத்தில் குடை, சட்டைப்பையில் எந்நேரமும் கடலை மிட்டாய். சபையின் மாதப் பத்திரிகையில் அவர் எழுதிய தொடர்தான் மதகு நாடு. அவர் கையால் எழுதுவார், அவர் மனைவி அதை ஸ்டென்சிலில் தட்டச்சு செய்வார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த அவரை நாமெல்லாம் டீச்சரம்மா என்போம். உருளையில் மையைத் தடவி ஒவ்வொரு தாளாகச் சுற்றி எடுப்பதும் டீச்சரம்மாதான். அந்த மையின் வாசனை எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. பத்திரிகையின் அட்டையில் ஐயாவின் பெயர் இருக்கும். டீச்சரம்மாவின் பெயரை எந்த மூலையிலும் நான் பார்த்ததில்லை.

நம் ஏரியின் பழைய மதகுக்குள் குனிந்து நுழைந்தால் அந்தப் பக்கம் இன்னொரு நாடு. அங்கே தண்ணீருக்கு வெளிச்சம் உண்டு, கொக்குகள் பேசும், கெளுத்தி மீன்கள் காவல் காக்கும். இருட்டின் படை அந்த நாட்டைப் பிடிக்க வரும்போதெல்லாம் ஓடக்காரர் வருவார், பிள்ளைகளை ஓடத்தில் ஏற்றிக்கொண்டு போருக்குப் போவார். ஓடக்காரரின் உள்ளங்கையில் ஒரு ஆணித் தழும்பு இருக்கும். அவர் யார் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நன்றாகத்தான் எழுதினார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மட்டமாக எழுதியிருந்தால் அன்றைக்கே மறந்து தொலைத்திருப்பேன்.

கதையில் யாருக்கும் பெயர் கிடையாது. துடுப்புக்காரன், ஈட்டிக்காரன், மூத்தவள், விளக்குச் சின்னவள், அவ்வளவுதான். துடுப்புக்காரன் ஐயாவின் சொந்த மகன். இப்போது இந்தப் புத்தகத்தைப் போட முன்னால் நிற்பதும் அவன்தான். ஓடத்தின் மற்ற இடங்களை ஐயா, சபையார் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகையில் ஏலம் விட்டார். உங்கள் பேரப்பிள்ளைகள் இதை நம்ப மாட்டார்கள். பூசணிக்காய், வாழைத்தார், கோழி, கேக் எல்லாம் ஏலம் போன பிறகு, கடைசியாக 'ஓடத்தில் ஓர் இடம்' என்று கூவுவார்கள். ஏலத்தில் எடுத்தவரின் பிள்ளை அதற்குப் பிறகு கதையில் வரும். அத்தாட்சியாக ஒரு சின்ன அட்டை கொடுப்பார்கள், அதில் டீச்சரம்மா வரைந்த ஓடம் இருக்கும்.

எங்கள் அப்பா அண்ணனூர் கார் ஷெட்டில் ரயில் பெட்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவர். ஓவர்டைம் பார்த்த பணத்தையெல்லாம் போட்டு அக்காவுக்கு இடம் எடுத்தார். அதற்குச் சில வருஷம் கழித்து எனக்கும் எடுத்தார். அக்கா மூத்தவள் ஆனாள், நான் விளக்குச் சின்னவள் ஆனேன்.

பெண்களுக்கு அந்த ஓடத்தில் என்ன வேலை தெரியுமா? விளக்குப் பிடிப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, பையன்கள் ஜெயித்து வந்தால் பாடுவது. ஒரு தடவை நான் ஐயாவிடம் போய், "ஐயா, எனக்கும் ஒரு ஈட்டி குடுங்க" என்று கேட்டேன். அவர் குனிந்து, கடலை மிட்டாயை என் கையில் வைத்து, "விளக்கு இல்லாம ஈட்டி எங்க குத்தும் மகளே? உன் வேலைதான் பெரிய வேலை" என்றார். அப்படிப் பெரிய வேலை என்றால் பையன்களுக்குக் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை. கதையில் அம்மாக்களும் உண்டு. கரையில் நின்று கை அசைப்பார்கள். ஒரு அம்மாவாவது ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷம் அது. ஏரி வற்றிப்போயிருந்தது. ஆனால் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளங்களில் மட்டும் பச்சைத் தண்ணீர் ஆழமாக நின்றது. துடுப்புக்காரன் அதில் ஒன்றில் இறங்கினான். கதையில் அவன் ஓடத்தையே தனியாக வலித்துக்கொண்டு போகிறவன், அந்த நினைப்பில் இறங்கியிருக்க வேண்டும். அவன் மூழ்கியதும் கரையிலிருந்த நாங்கள் எல்லாரும் கத்தினோம்.

அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலை ஷிப்ட் முடிந்து ஏரிக்கரை வழியாக வந்துகொண்டிருந்தாள். டிபன் கேரியரைக் கீழே போட்டுவிட்டுச் சேலையோடு குதித்தாள். அவளுக்கு அப்பா நீச்சல் சொல்லிக் கொடுத்திருந்தார். "ஏரிக்கரைல பொறந்துட்டு நீச்சல் தெரிலன்னா இன்னா பொழப்பு?" என்பார். அக்கா அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து வந்தாள். கரையில் போட்டு, அவன் தலையைத் தன் மடியில் சாய்த்து, வாயிலிருந்த சேற்றை விரலால் வழித்து எறிந்தாள். அவன் தண்ணீராகக் கக்கினான்.

அன்று சாயங்காலம் கதை ஐயாவும் டீச்சரம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஐயா அழுதார். ஒரு ஆம்பளை அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அக்காவின் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். "உனக்கு நான் எப்படிக் கைம்மாறு செய்வேன் மகளே" என்றார். துடுப்புக்காரன் மூலையில் நின்று, "தலை ரொம்ப வலிக்குது, அந்தக்கா முடியைப் புடிச்சு இழுத்துட்டாங்க" என்று புகார் சொன்னான். எல்லாரும் சிரித்தோம்.

அடுத்த மாதப் பத்திரிகையில் அந்தச் சம்பவம் அப்படியே வந்தது. ஆனால் ஆள் மாறியிருந்தது. மூத்தவள் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து மயங்கி நின்றாளாம். கால் வழுக்கி விழுந்தாளாம். துடுப்புக்காரன் பாய்ந்து அவளைத் தூக்கினானாம்.

நான் தாளைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவள் படித்துவிட்டு முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராக ஐயாவிடம் போனாள்.

"ஐயா, அன்னிக்கு நான்தான தூக்குனேன்?"

"ஆமா மகளே. யார் இல்லேன்னது?"

"கதையில மாத்திட்டீங்களே."

ஐயா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உன் நன்மைக்குத்தான் மாத்தினேன். வயசுப் பொண்ணு, ஈரச் சேலையோட ஏரியிலேர்ந்து ஏறி வந்தான்னு எழுதினா நாலு பேர் என்ன நினைப்பாங்க? அதுவும் இல்லாம, வீரம் பையன்களுக்கு நான் சொல்லித்தர வேண்டிய பாடம். உனக்கு அது தேவையில்ல. உனக்கு வேண்டியது வேற."

நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. பரிவோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கெட்ட மனுஷர் என்றால் கரித்துக் கொட்டிவிட்டுப் போய்விடலாம். இவரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கண்ணாடி வந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த வட்டக் கண்ணாடி. அக்காவோடு காயில் சுற்றிய தோழி பூந்தமல்லியில் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே வளையல் கடை. ரம்ஜானுக்கு அக்காவுக்கு அவள் கொடுத்த பரிசு அது. நாள் முழுக்கச் செம்புக் கம்பியோடும் வார்னிஷோடும் மல்லுக்கட்டிவிட்டு வரும் அக்கா, காலையில் வேலைக்குப் போகும்போது மட்டும் ரயிலில் அதைப் பார்த்துப் பவுடர் போட்டுக்கொள்வாள். நகத்தில் கொஞ்சம் சிவப்பு. எனக்கும் சுண்டுவிரலில் மட்டும் பூசிவிடுவாள். இதுதான் அவள் செய்த பாவம்.

கம்பெனியில் அக்காவைச் சூப்பர்வைசர் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பெங்களூரில் ஆறு மாதம். அந்த செக்ஷனிலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் போனதில்லை. தங்குவதற்கு அங்கே ஒரு கிறிஸ்தவப் பெண்கள் விடுதி இருந்தது. சபையிலிருந்து நன்னடத்தைச் சிபாரிசு கொண்டுவந்தால்தான் சேர்ப்பார்கள். சிபாரிசில் கையெழுத்துப் போட வேண்டியது சபைச் செயலாளர். அதாவது கதை ஐயா.

தன் பிள்ளையைக் காப்பாற்றியவள் கேட்கிறாள், உடனே போட்டுக் கொடுப்பார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அப்பாவிடம் சொன்னார்: "தம்பி, நான் ரெண்டு வாரமா இதுக்காக ஜெபம் பண்றேன். மனசுக்குச் சமாதானம் கிடைக்கல. முதல்ல வேலை, அப்புறம் கண்ணாடி, நகத்துல சாயம், இப்ப வெளியூர். ஒவ்வொரு படியா இறங்கிட்டு இருக்கு பிள்ளை. நல்ல பையனா நானே பாக்குறேன். ஒரு கல்யாணத்தை முடிச்சிட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

அப்பா, "படியா எறங்குதா? சூப்பர்வைசரு வேல ஐயா அது. மேலதான ஏறுது?" என்றார்.

ஐயா சிரித்தார். "உலகத்தோட கண்ணுக்குத்தான் மேல, தம்பி."

அவர் போன பிறகு வீட்டில் ஒரே சண்டை. அம்மா ஐயாவின் பக்கம். அம்மாவுக்கு அவர் எழுதுவது கதையே இல்லை. "ஜெபம் பண்ணிட்டுத்தான் பேனாவைத் தொடுறாரு. ஜெபம் பண்ணி எழுதுனா அது எப்படி வெறும் கதை?" என்பாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா மட்டும் நம்பிக்கையாக இருந்தாள். "பண்டிகை முடியட்டும், ஐயா மனசு மாறுவாரு. பாவம், நல்லவருதான்" என்றாள்.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்குத்தான் கடைசி அத்தியாயம். அச்சில் வருவதற்கு முன்னால் சபை மண்டபத்தில் அவரே வாசிப்பார் என்று அறிவித்திருந்தார்கள். வாசிக்கும்போது பெஞ்சுகளை ஓடம் மாதிரி வளைத்துப் போட்டு, ஏலத்தில் இடம் எடுத்த பிள்ளைகளை அதில் உட்கார வைப்பது வழக்கம். அக்கா இருபது வயதுப் பெண், கூச்சப்பட்டாள். அம்மாதான் தள்ளிவிட்டாள். புதுச் சேலை கட்டிக்கொண்டு மூத்தவளின் இடத்தில் போய் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் அரிக்கேன் விளக்கோடு. முன்னால் துடுப்புக்காரன், கையில் நிஜத் துடுப்பு. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மண்டபம் முழுக்கக் கரும்பும் வாழைத்தாரும் ஈரத் துணியும் கலந்த வாசனை.

ஐயா வாசித்தார். போர் முடிகிறது. விடியப் போகிறது. பரலோகத்துக்குக் கூட்டிப்போக ஓடக்காரர் கடைசித் தடவையாக ஓடத்தைக் கரைக்குக் கொண்டுவருகிறார். ஒவ்வொருவரையும் கூப்பிடுகிறார், ஒவ்வொருவராக ஏறுகிறார்கள். மூத்தவளைக் கூப்பிடுகிறார். அவள் கரையில் உட்கார்ந்து சிவப்புப் பிடி போட்ட கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு தடவை கூப்பிடுகிறார். 'இதோ' என்கிறாள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓடம் கிளம்பிவிடுகிறது. ஓடக்காரர் அழுகிறார். மூத்தவளின் இடம் காலியாக இருக்கிறது.

காலியாக இருக்கிறது என்று அவர் வாசித்தபோது அக்கா அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சபை மொத்தமும் அவளைப் பார்த்தது. சிவப்புப் பிடி என்றதும் யாரைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவள் தினமும் ரயிலில் கண்ணாடியைப் பையிலிருந்து எடுப்பதைப் பார்க்காதவர்கள் யார்? நான் அவள் கையைப் பிடித்தேன்.

பின்னாலிருந்து அப்பா எழுந்தார். சட்டைப்பையிலிருந்து ஓட அட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினார். கிரீஸ் கறை படிந்த பழைய அட்டை.

"இன்னா ஐயா இது? ஏலத்துல எடுத்த எடம் ஐயா. சபைக்கு மின்னால, ஆயரு மின்னால எடுத்தது. இதோ கீது சீட்டு. எடுத்த எடத்துல குந்திகினு கீறவள எப்டி எறக்கி உடுவீங்க?"

சிலர் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. "தம்பி, உட்காருங்க. ஓடத்துல இடம் குடுக்கிறவன் நான் இல்ல. ஓடக்காரர்."

"ஓடக்காரரா பேனாவப் புடிச்சாரு? நீங்கதான எழுதனீங்க!"

சபையின் போதகரான ஆயர் கையமர்த்தினார். அப்பா நின்றுகொண்டே இருந்தார். அப்போது அக்கா எழுந்தாள். அழவில்லை. பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஓடம் போனப்புறம் அவ இன்னா பண்ணா ஐயா?"

ஐயா தாளைப் பார்த்தார். அடுத்த பக்கம் இல்லை. "கதை ஓடத்தோட போயிடுச்சு மகளே. கரையில என்ன நடந்ததுன்னு நமக்குத் தெரியாது."

அக்கா முன்னால் உட்கார்ந்திருந்த துடுப்புக்காரனைப் பார்த்தாள். அவன் துடுப்பின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். பெஞ்சுக்கு நடுவே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடத்திலிருந்து இறங்கினாள். மண்டபத்தைத் தாண்டி, மழைக்குள் நடந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதல் வேலையாகக் கண்ணாடியைத் தேடி எடுத்தாள். மழையிலேயே போய் ஏரியில் எறிந்துவிட்டு வந்தாள். மறுநாள் அக்கா பவுடரைக் குத்துமதிப்பாகப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்த வாரமே அம்மா ஒரு கட்டு முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனாள், என்னையும் கூட்டிக்கொண்டு. தரையில் உட்கார்ந்து, "ஐயா, புஸ்தகம் இன்னும் அச்சாவலியே. ஒரே ஒரு வரி. கடைசியில ஓடிவந்து ஏறிட்டான்னு போட்டுருங்க. நான் அவள வேலையிலேர்ந்து நிறுத்திடறேன்" என்று கெஞ்சினாள். என் அம்மா யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

தட்டச்சு மேஜையிலிருந்து டீச்சரம்மா திரும்பினார். "ஒரு வரிதானங்க. நான் வேணா ஸ்டென்சிலைப் புதுசா அடிச்சுத் தரேன்" என்றார்.

"நீ போய் அவங்களுக்குக் காபி கொண்டா" என்றார் ஐயா. டீச்சரம்மா எழுந்து உள்ளே போனார். ஐயா அம்மாவிடம், "பயப்படாதீங்க தங்கச்சி. மனம் திரும்பினா நிஜத்துல அவளுக்கு இடம் உண்டு. கதையில பயம் இருக்கணும், அப்பதான் மத்தப் பொண்ணுங்க திருந்தும்" என்றார். காபி வந்தது. குடித்தோம். கதை மாறாமல் அச்சானது. சிபாரிசும் கடைசிவரை வரவில்லை.

பூந்தமல்லித் தோழி ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையை உதறினாள். "அட இன்னாடி நீ, இதுக்கா மூஞ்சியத் தூக்கிவச்சிகினு கீற? எங்க சாச்சி பெங்களூர்லதான் கீறாங்க. பெரிய ஊடு. அங்க தங்கு. சாச்சி உன்னாண்ட சிபாரிசெல்லாம் கேக்காது, சாப்டியான்னு மட்டும்தான் கேக்கும்." அப்பா அவளை உட்காரவைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். முன்பின் தெரியாத ஒரு சித்தி வீட்டில் தங்கி அக்கா பயிற்சியை முடித்தாள். ஜெயித்து வந்தாள். எஸ்டேட்டில் சூப்பர்வைசர் ஆனாள். பிறகு திருமழிசையில் ஒரு பெரிய கம்பெனிக்கு மாறி, அங்கிருந்துதான் ஓய்வு பெற்றாள். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயிற்று. இப்போது பூந்தமல்லியில் மெட்ரோ தூணுக்கு எதிர் வீட்டில் தூசியைத் திட்டிக்கொண்டு இருக்கிறாள். வேறு சபைக்குப் போகிறாள், கடவுளோடு அவளுக்குச் சண்டை இல்லை.

இத்தோடு நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். அம்மாவை மறந்துவிட்டீர்கள்.

மறு வருஷம் அறுப்பின் பண்டிகையில் ஏலம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது, அம்மா தான் வளர்த்த கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் போனாள். "ஓடத்துல எடம் ஏலம் விடலியே" என்றாள். கதை முடிந்துவிட்டது, இனி ஓடம் கிடையாது என்றார்கள். "நான் ஏற்கெனவே எடுத்த எடம்தான். மறுபடி எடுக்கிறேன், கூவுங்க" என்று நின்றாள். கோழி கொக்கரித்தது. நம் ஆட்கள் சிரித்தார்கள். உங்களில் யார் யார் சிரித்தீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, பெயர் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்கு அடுத்த வருஷமும் அம்மா கேட்டாள். அதற்கப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள், ஆனால் அட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தாள்.

கதை ஐயா போய்ச் சேர்ந்தார், டீச்சரம்மா போனார், அப்பா போனார். கடைசியாக அம்மாவும் படுக்கையில் விழுந்தாள். அக்காதான் ராத்திரி பகல் பார்க்காமல் கூட இருந்து பார்த்துக்கொண்டாள், பீ மூத்திரம் அள்ளினாள். அப்படிப் பார்த்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா என்னிடம் சொன்னாள்: "அந்த அட்டையை என் கையில வச்சுப் பொட்டிய மூடுங்க. அங்க போய் நானே ஓடக்காரராண்ட காட்டி, இவளுக்கு எடம் கேக்கிறேன்." அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "சரிம்மா, வைக்கிறோம்" என்றாள். அவளே வைத்தாள். அம்மாவின் விரல்களை அட்டையின் மேல் மடக்கிவிட்டதும் அவள்தான்.

ஒரு நல்ல மனுஷர், ஜெபம் பண்ணிவிட்டு, ஒரு வரியை மாற்ற மனமில்லாமல் எழுதியது இது. என் அம்மா தன் மகள் நரகத்துக்குப் போவாள் என்று நம்பியே செத்துப்போனாள். இதைத்தான் இந்தக் காலத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தேவை என்கிறீர்கள்.

நேற்று அக்காவுக்குப் போன் போட்டு, புத்தகத்தை நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "போட்டுட்டுப் போறாங்க, உடு" என்றாள். பிறகு, "கொக்கு பேசுற அத்தியாயம் நல்லா இருக்கும்ல?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. நம் எல்லாரையும்விட அதிகமாகப் பிடித்திருந்தது.

ஆகவே நானும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் முன்னுரை எழுத மாட்டேன். துடுப்புக்காரனே, இது உனக்கு. நீ எழுது. உன் அப்பாவைத் திட்ட வேண்டாம், மூத்தவளைப் புகழவும் வேண்டாம். அன்றைக்கு அந்தப் பள்ளத்திலிருந்து உன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது யார் என்று மட்டும் எழுது. இப்போது உன் தலையில் அந்த முடி இல்லை என்பது புகைப்படத்தில் தெரிகிறது. வலித்தது என்று புகார் சொன்னாயே, அதுவாவது நினைவிருக்கும்.

அன்றைக்கு மண்டபத்தில் அவள் கேட்ட கேள்விக்கு உன் அப்பா பதில் சொல்லவில்லை. கரையில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது என்றார். உனக்குத் தெரியும். நீ கரையில்தான் கிடந்தாய், வாய் நிறையச் சேறோடு, அவள் மடியில்.